பரீட்சைத் தேவைக்கு மாத்திரம் இரண்டு லீற்றர் பெற்றோல்

அரசாங்க உத்தியோகத்தில் இரண்டு வகை முட்டாள்கள் உண்டு. சுற்றறிக்கையை வாசிக்காதவன் ஒருவன்; வாசித்து நம்புகிறவன் மற்றவன். முதலாமவனால் நாட்டுக்குப் பெரிய சேதம் இல்லை. அவன் மேசையில் தூசி படியும், அவ்வளவுதான். இரண்டாமவன்தான் ஆபத்தானவன். நான் இரண்டாம் வகை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் எந்த அனுமதியின் எந்தப் பிரதி எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லுவேன். (என் மனைவி ஒருமுறை எழுப்பிக் கேட்டாள். சொன்னேன். அதன்பிறகு அவள் என்னை எழுப்புவதில்லை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சிச் சனம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இடம்பெயர்வதற்கு முந்தைய வருடம். இளைஞர் தொழிற்பயிற்சிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தன் நான். வட்டக்கச்சியில், வாய்க்கால் கரையில், ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்குள் எங்கள் பயிற்சி நிலையம் இருந்தது. அங்கே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் சிறிய எஞ்சின் திருத்தப் பழகினார்கள். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்கள்தான் அவர்களுடைய பாடப்புத்தகம்.

அந்த மெசின்கள் யப்பானில் பிறந்தபோது பெற்றோலில் ஓடின. வன்னியில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. காரணம் சிக்கலானதல்ல. போரைக் காட்டி அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்று தடுத்த பொருட்களில் பெற்றோலும் ஒன்று. தடை என்றால் சனம் மெசினைக் குப்பையில் போடுமா? பயிர் காயுமே! ஆகவே மெசினை மதம் மாற்றினார்கள். எரிபொருள் போகும் துவாரத்தை ஊசியால் பெருப்பித்தார்கள். மண்ணெண்ணெயில் மெசின் பெரிய சோம்பேறி என்பதால், வேகம் கூட்டும் கம்பியைச் சைக்கிள் ரியூப்பால் எட்டுமட்டும் இழுத்துக் கட்டினார்கள். பிளக்கைக் கழற்றி நெருப்பில் காட்டி, மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்திருக்கும் பெற்றோலில் இரண்டு துளி விட்டு, கயிற்றைத் தோள்மூட்டுக் கழலும்வரை இழுத்தால் மெசின் இருமிக்கொண்டு எழும்பும். நிற்பாட்டும் ஆளி, அதுதான் சுவிச்சு, எந்த மெசினிலும் வேலை செய்யாது. அதை யாரும் தேடியதுமில்லை. அன்றைய வன்னியில் மெசினை ஓடவைப்பதுதான் பிரச்சினை. நிற்பது அது தானாகவே நிற்கும்.

இந்த நிலையில்தான் கொழும்பில் தேசியத் தொழிற்தகைமைச் சட்டகம் மாறிக்கொண்டிருந்தது. (அது எப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கும். ஒரு சட்டகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தறப்பாள் கொட்டிலைப் பெயர்த்துப் பெயர்த்துக் கட்டிய எங்களுக்கே தலை சுற்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.) புதிய ஒழுங்கின்படி, பயிற்சி நிலையம் கொடுக்கும் கடிதத்துக்கு இனி மதிப்பில்லை. தேசிய மட்டத்தில் செய்முறைப் பரீட்சை எடுத்துச் சித்தியடைந்தால்தான் தகைமை. அந்த வருடம் தவறினால் புதிய பாடத்திட்டத்தில் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

எட்டுப் பேரில் கெட்டிக்காரி புஷ்பராணி. அவளுடைய தகப்பன் மாரிமுத்து மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே குடியேறியவர். மற்றவர்களின் வயலில் கூலிக்கு இறங்குகிறவர். ஊர்க் கமக்காரர் சங்கம் தன் தண்ணீர் மெசின்களைப் பராமரிக்க நிரந்தரமாக ஓர் ஆளை எடுக்க இருந்தது. அந்த மெசின்களை ஏற்கெனவே புஷ்பராணிதான் சும்மா திருத்திக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் சங்கத்துச் செயலாளர், "புதுச் சட்டமாம் பிள்ளை, தேசியச் சான்றிதழ் இல்லாமல் எடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார்.

மாரிமுத்து என்னிடம் வந்தார். தோளில் கிடந்த துவாய்த் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, எம்மக பாஸாயிருமுங்களா? அந்தச் சங்கத்து வேல கெடச்சிருச்சுன்னா புள்ள கூலிக்கு எறங்க வேணாமுங்க."

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எல்லாம் முறைப்படி நடக்கும்" என்றேன்.

முறைப்படி! அந்தச் சொல்லை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குப் பல்லுக் கூசுகிறது.

பரீட்சை விதி 'பெற்றோல் எஞ்சின்' என்று சொன்னது. ஆகவே பெற்றோல் வேண்டும் என்று தீர்மானித்தேன். வேறு எவனாவது என்றால் கண்ணைச் சிமிட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியிருப்பான். நான் விண்ணப்பித்தேன். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு, அமைச்சுக்கு, அமைச்சு சொன்ன இன்னோர் அமைச்சுக்கு, அங்கிருந்து இராணுவத்துக்கு. நெல் விதைத்து அறுக்கிற காலம் போயிற்று. கடைசியில் அனுமதி வந்தது: பெற்றோல் இரண்டு லீற்றர், பரீட்சைத் தேவைக்கு மாத்திரம், மீதி இருப்பின் திருப்பி ஒப்படைக்கப்படல் வேண்டும். நான் ஊரெல்லாம் அதைக் காட்டித் திரிந்தேன். ஒரு முழு மாவட்டத்துக்கும் மறுத்த பெற்றோலில் இரண்டு லீற்றரை என் எழுத்துத் திறமையால் பிடுங்கிவிட்டேனாம்!

வவுனியாவிலிருந்து அரச லொறியில் மாங்குளம்வரை வந்த பெற்றோல் கானை நானே போய்ப் பொறுப்பேற்றேன். என் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய்ச் சாதிதான். திரும்பும்போது மாங்குளம் சந்தி தாண்டுவதற்குள் அது நின்றுவிட்டது. இரண்டு துளி பெற்றோல் விட்டால் எழும்பும். என்னிடம் இருந்த மருந்துப் போத்தலோ காலி. பின்னால் கட்டியிருந்த கானில் கழுத்துமட்டும் பெற்றோல்.

நான் உருட்டத் தொடங்கினேன்.

வீதியோரத் தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்தார்.

"என்ன ஐயா, எண்ணெய் முடிஞ்சுதோ?"

"இல்லை. ஸ்டாட் எடுக்குதில்லை. துளி விடப் பெற்றோல் இல்லை."

"அப்ப பின்னாலை கானுக்கை என்ன?"

"பெற்றோல்."

அவர் என்னைப் பார்த்தார். கானைப் பார்த்தார். பிறகு கடைக்குள் திரும்பி, "இஞ்சை ஒருக்கா வந்து பாருங்கோடா!" என்று கூப்பிட்டார். ஆறேழு பேர் வெளியே வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"அது பரீட்சைத் தேவைக்கு மாத்திரம்" என்று விளங்கப்படுத்தினேன்.

"பாவம், படிச்ச மனுசன்" என்றார் ஒருவர்.

வழியில் ஒரு டிரக்டர்காரர் இரக்கப்பட்டு என்னையும் மோட்டார் சைக்கிளையும் பெட்டியில் ஏற்றியிராவிட்டால் இன்னும் உருட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

போதனாசிரியர் யோகநாதன் மாஸ்ரர் கானை மோந்து பார்த்தார். அவருடைய முகத்தில் சந்தோசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"சேர், கோவிக்காதேங்கோ. உது மண்ணெண்ணெய்க்குப் பழகின மெசின். இதைக் குடுத்தால் வெறி ஏறிவிடும். எனக்கு ஒரு காலமைப் பொழுது தாங்கோ, எல்லாத்தையும் பழையபடி மாத்திப்போட்டு ஓட்டிப் பாக்கிறன்."

"மாஸ்ரர், பரீட்சைக்கு ஒதுக்கின உபகரணத்திலை கை வைக்க ஏலாது. நான் ஏற்கெனவே சீல் வைச்சிட்டன்."

உண்மைதான். மெசினைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு உருக்கி, முத்திரை குத்தி வைத்திருந்தேன். அந்த முத்திரைக்குள்ளே சைக்கிள் ரியூப் இழுத்துக் கட்டியபடியே இருந்தது.

அதோடு நிறுத்தினேனா? பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாய்மொழிப் பரீட்சைக்குப் பழக்கினேன். பரீட்சகருக்கு முன்னால் மண்ணெண்ணெய் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று உத்தரவிட்டேன். புஷ்பராணி மட்டும் கை உயர்த்தினாள்.

"அப்ப நாங்க இவ்வளவு நாளும் எதிலை ஓட்டினனாங்கள் எண்டு கேட்டால், சேர்?"

"கேக்கமாட்டார்."

பரீட்சகர் வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டியுடன் ஜீப்பில் வந்து இறங்கினார். தேவசகாயம் என்று பெயர். மெலிந்த, மரியாதையான தமிழர். பேனாக்களை நிற வரிசையில் சட்டைப்பையில் குத்தியிருந்தார். கண்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது. வாய்க்கால் கரையில் வெள்ளைத் துணி விரித்த கதிரையில் அவரை இருத்தினேன். பார்வை மறையாத இடமாகப் பார்த்து நானே தெரிவு செய்த இடம்.

முதலில் வாய்மொழி. சுதாகரன் என்ற பெடியன் போனான்.

"எஞ்சினை ஆரம்பிக்கமுன் முதல் என்ன பார்ப்பீர்?"

"தாங்கியிலை எண்ணெய் இருக்கோ எண்டு, சேர்."

"நல்லது. இல்லையென்றால்?"

"இல்லாமல்தான் இருக்கும், சேர். அது தெரிஞ்ச விசயந்தானே."

பரீட்சகர் பேனாவை மாற்றினார்.

"பிளக்கை எப்போது கழற்றுவீர்?"

"காலமை அடுப்பு மூட்டினவுடனை, சேர்."

"அடுப்பா? எந்த எரிபொருளில் நீர் பயிற்சி பெற்றனீர்?"

சுதாகரன் என்னைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். பிறகு, பொய் சொல்லப் பழக்கப்படாத பிள்ளை, உள்ளதைச் சொன்னான்.

"சேர் சொல்ல வேண்டாமெண்டவர், சேர்."

செய்முறைக்குப் புஷ்பராணியை முதலில் விடும்படி மாஸ்ரர் கெஞ்சினார். விட்டேன். முத்திரையை உடைத்து, கானைத் தூக்கி, கோயிலில் பாலாபிசேகம் செய்வதுபோல நானே பெற்றோலை ஊற்றினேன். அதன் வாசம் பிடிக்கவே பிள்ளைகள் கிட்டே வந்தார்கள்.

புஷ்பராணி காலை ஊன்றினாள். கயிற்றைச் சுற்றினாள். மண்ணெண்ணெய்க்கு இழுக்கிற அதே பலத்தோடு இழுத்தாள்.

ஒரே இழுவை! எங்கள் மெசின் ஒரே இழுவையில் எழும்பியதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் கண்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேலியோரம் நின்ற மாரிமுத்து கும்பிட்டார்.

பிறகு சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஐந்து வருடமாகக் கஞ்சி குடித்தவனுக்குச் சாராயம் ஊற்றியதுபோல மெசின் நின்ற இடத்தில் துள்ளியது. பிறகு துள்ளித் துள்ளி நடக்கத் தொடங்கியது. தண்ணீர் போகும் குழாய் கட்டறுத்து எழும்பி, படமெடுத்து, நான் தெரிவு செய்து கொடுத்த, பார்வை மறையாத கதிரையை நேராகப் பார்த்தது.

வாய்க்கால் அந்த நாட்களில் சேறாக இருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"நிப்பாட்டுங்கோ!" என்று பரீட்சகர் கத்தினார். யாருக்கும் அப்படி ஒரு வழக்கம் இல்லை. நான் பாய்ந்து குழாயைப் பிடித்தேன். பிடித்த அவசரத்தில் கானை உதைத்தேன். பெற்றோல் என் நீளக் காற்சட்டை முழுக்கக் கொட்டியது. குழாய் என்னைத் தூக்கி வாய்க்காலுக்குள் போட்டது. பரீட்சகரின் மடியில் ஒரு கெளுத்தி துடித்தது என்று பிள்ளைகள் பின்னாளில் சத்தியம் செய்தார்கள். நான் பார்க்கவில்லை. நான் தண்ணீருக்கு அடியில் இருந்தேன்.

புஷ்பராணிதான் காலில் கிடந்த றப்பர் செருப்பைக் கழற்றி, ஒரே அடியில் பிளக் வயரைத் தட்டிவிட்டாள். மெசின் செத்தது. வட்டக்கச்சி முழுவதும் அமைதி. பரீட்சைப் புள்ளித் திட்டத்தில் 'ஆளி மூலம் முறையாக நிறுத்துதல்' என்று ஒரு வரி இருந்தது. செருப்புக்குப் புள்ளி இல்லை.

யோகநாதன் மாஸ்ரர் மெல்ல முன்னால் வந்தார். "சேர், ஒருக்கா எங்கடை முறையிலை ஓட்டிக் காட்டட்டோ?"

தேவசகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நல்ல மனிதர். வேறொருவர் என்றால் ஜீப்பில் ஏறியிருப்பார்.

புஷ்பராணி பெற்றோலை வடித்தாள். மண்ணெண்ணெய் ஊற்றினாள். சிரட்டை நெருப்பில் பிளக்கைக் காட்டினாள். இரண்டு துளி. இழுத்தாள், இழுத்தாள், மெசின் இருமியது, எழும்பியது. தண்ணீர் ஒழுங்காக, சாதுவாக, வரம்பு வழியே வயலுக்குள் போனது. தேவசகாயம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். நனைந்த சட்டையோடு நெடுநேரம் கேட்டார்.

"அருமையா ஓடுது, தங்கச்சி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா இதை நான் எதிலை எழுதுறது? பழைய பாடத்திட்டத்திலை மண்ணெண்ணெய் எஞ்சின் எண்டு ஒரு பிரிவு இருந்தது. புதுசிலை எடுத்துப்போட்டாங்கள்."

"ஏன் எடுத்தவை?"

"நாட்டிலை இப்ப ஒருத்தரும் பாவிக்கிறதில்லையாம்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை. ஒரு கை பெற்றோலைத் தடுக்கிறது. மறு கை, மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவன் இந்த நாட்டில் இல்லை என்று எழுதுகிறது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருந்தன. அப்படியானால் வாய்க்கால் கரையில் சேறு சொட்ட நின்ற எட்டுப் பிள்ளைகளும் யார்? எந்த நாட்டில் நின்றார்கள்? பெற்றோல் கேட்டபோது அவர்கள் ஆபத்தான சனம். தகைமை கேட்டபோது அப்படி ஒரு சனமே இல்லை. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து ஒரு வரியைச் சிவப்பு மையால் வெட்டியவனுக்கு அது ஒரு வரி. இங்கே அதற்குப் பதினேழு வயதும் ஒரு சோடி றப்பர் செருப்பும் இருந்தன.

எட்டுப் பேரும் சித்தியடையவில்லை.

நான் மேன்முறையீடு செய்தேன். மேன்முறையீட்டின் எல்லாப் படிகளும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஏறி, ஒவ்வொன்றிலும் விழுந்தேன். கடைசிப் பதிலில், 'நாட்டில் பாவனையில் இல்லாத இயந்திர வகை தொடர்பில் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகின்றோம்' என்று இருந்தது. அந்தப் பதிலைக் கொண்டுவந்து தந்த கச்சேரிப் பியோனின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. வெளியே நின்று புகை கக்கிக்கொண்டிருந்தது. பியோன் அவசரப்படுத்தினான்: "கெதியாக் கையெழுத்தைப் போடுங்கோ சேர், நிண்டால் பிறகு எழும்பாது."

கானில் ஒரு போத்தலளவு பெற்றோல் தப்பியிருந்தது. மீதி இருப்பின் திருப்பி ஒப்படைக்கப்படல் வேண்டும் அல்லவா? மாங்குளத்துக்குப் போனேன். அங்கே கானைத் தந்த அரச களஞ்சியப் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். "வெளியிலை குடுக்கிறதுக்குத்தான் சேர் நடைமுறை இருக்கு. திருப்பி எடுக்கிறதுக்கு இல்லை."

என் வாழ்க்கையில் முதல்முறையாக நடைமுறை இல்லாத இடத்தில் நின்றேன். திரும்பி வந்து போத்தலைப் புஷ்பராணியின் கையில் கொடுத்தேன். அடுத்த சிறுபோகம் முழுக்க, துளித் துளியாக விட்டு, அவள் ஊர் மெசின்களை எல்லாம் எழுப்பினாள். சங்கத்துச் செயலாளருடைய மெசினையும் சேர்த்துத்தான். அவர் நாட்கூலி கொடுத்தார்; வேலை கொடுக்கவில்லை. "அடுத்த வருசம் திருப்பி எடு பிள்ளை, பாப்பம்" என்றார். அடுத்த வருடம் கிளிநொச்சியே இருந்த இடத்தில் இருக்கவில்லை. களஞ்சியம், மெசின், வெள்ளைத் துணிக் கதிரை எல்லாம் போயிற்று. சட்டகம் மட்டும் சேதமில்லாமல் மாறிக்கொண்டிருந்தது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். பரீட்சை முடிந்த அன்று பொழுதுபட வீட்டுக்குப் போனேன். அந்த நாட்களில் மின்சாரம் ஏது? ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்குத்தான். மனைவி வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள்.

"ஐயோ, விளக்குக்குக் கிட்ட வராதேங்கோ! கிணத்தடிக்குப் போங்கோ! பிள்ளையள், அப்பாவுக்குக் கிட்டப் போகாதேங்கோ, பத்திவிடுவார்!"

கிணற்றடி இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழமொழி நிலைத்துவிட்டது. நான் எதையாவது திருத்தமாகச் செய்யப் புறப்பட்டால், மகளின் கலியாண வீட்டில் பந்தி வரிசையை ஒழுங்குபடுத்தப் போனாலும் சரி, பேரனின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கை வைத்தாலும் சரி, மனைவி சொல்லுவாள்: "ஓடுற மெசினுக்குப் பெற்றோல் ஊத்தாதேங்கோ." கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகளும் தொலைபேசியில் அதைச் சொல்கிறார்கள். அர்த்தம் தெரியாமலே சரியான இடத்தில் சொல்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் சட்டகம் மறுபடியும் மாறியது. இப்போது அனுபவம் உள்ளவர்கள் படிக்காமலே மதிப்பீட்டுக்குத் தோற்றி தேசியத் தகைமை எடுக்கலாமாம். செய்தி கேட்டதும் என் கிழட்டு இரத்தம் கொதித்தது. விண்ணப்பத்தை எடுத்தேன், நிரப்பக்கூடியதை எல்லாம் நானே நிரப்பினேன், பஸ் ஏறி வட்டக்கச்சிக்குப் போனேன்.

புஷ்பராணி வீதியோரம் சொந்தமாக மெசின் திருத்தும் கடை வைத்திருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. தகப்பன் காலமாகிவிட்டார் என்றாள். கடைசிவரை, வயலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டால், "எம்மக மெசினு" என்று எல்லாருக்கும் சொல்லுவாராம். அது யாருடைய மெசினாக இருந்தாலும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விசயத்தை விளங்கப்படுத்தினேன். புதிய சட்டகம், புதிய மதிப்பீடு, எல்லாம் முறைப்படி. அவள் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். பிறகு என் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தாள்.

"இந்த முறை என்ன எண்ணெய் கொண்டந்திருக்கிறியள், சேர்?"